மறுப்புரை கேட்கப்பட்டது

இறந்துபோன ஒரு மனிதர், செவ்வாய்க்கிழமைதோறும் முற்பகல் பதினொரு மணிக்குத் தோற்றுக்கொண்டிருந்தார். ஒன்பது ஆண்டுகளாக இது தவறாமல் நடந்துவந்தது. ஒவ்வொரு தோல்வியும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் முறைப்படி ஏறியது, உறுப்பினர் எழுவரும் கையொப்பமிட்டனர், கோப்பு மூடப்பட்டது.

அவர் பெயர் இஸ்ரவேல் ஞானாபரணம், நிலவியல் அறிஞர். கல்லாத்து அணையின் வலக்கரைப் பாறை வெடிப்புற்றது, இருபது வெள்ளங்களுக்கு மேல் தாங்காது என்று இருபத்திரண்டு ஆண்டுகள் சொல்லிச் சொல்லி, முதலில் பதவி உயர்வை இழந்து, பிறகு நண்பர்களை இழந்து, கடைசியில் நுரையீரலையும் இழந்து மாண்டவர். மாண்ட பிறகு அவருக்கு அரசு வேலை கிடைத்தது.

அந்த வேலை உண்டான வரலாறு சிறியது. கடலோர நகரம் ஒன்றில், எவரும் எதிர்த்துப் பேசாமல் ஒப்புதல் பெற்ற ஒரு கொசு ஒழிப்புத் திட்டத்தினால் முந்நூறு பேர் பார்வை இழந்தனர். விசாரணையில் எல்லா அதிகாரிகளும் ஒரே விடையைச் சொன்னார்கள்: அன்றைக்கு யாரும் மறுக்கவில்லையே! அதன் பிறகு, மறுப்புரை கேட்கப்படாமல் எந்த அறிவியல் திட்டமும் நிறைவேறக்கூடாது என்று சட்டம் வந்தது. நல்ல சட்டந்தான். ஆனால் மறுப்பவருக்கு எங்கே போவது? மறுத்தவன் வீடு போய்ச் சேருமுன் மாற்றல் உத்தரவு போய்ச் சேர்கிற நாட்டில், யார் முன்வருவார்? அச்சத்தை ஒழிப்பது கடினம். எந்திரம் செய்வது எளிது. ஆகவே மறுப்பவரைச் செய்துகொண்டார்கள்.

அதற்கு வேண்டிய மூலப்பொருள் பேராசிரியர் உலகம்மையிடம் இருந்தது. அறிவியலில் எழுந்த எதிர்ப்புகளையும் சச்சரவுகளையும் முப்பது ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். ஆயிரத்து நூற்று நாற்பது சச்சரவுகளின் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், ஒலிப்பதிவுகள் அனைத்தையும் தொகுத்துப் பட்டியலிட்டு, பாளையங்கோட்டையில் ஓர் ஆவணகம் அமைத்திருந்தார். எந்திரம் அவற்றையெல்லாம் படித்து, மறுப்பது எப்படி என்று கற்றுக்கொண்டது. குரல் ஒன்று தேவைப்பட்டபோது, ஞானாபரணத்தின் குரலை எடுத்துக்கொண்டார்கள். காரணம் மதிப்பன்று, உலகம்மை அவரை இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் பேட்டி கண்டு பதிந்துவைத்திருந்தார். அவ்வளவு நீளமான பதிவு வேறெவருக்கும் இல்லை.

அரசாணையில் அந்த எந்திரத்தின் பெயர் ‘நிலை மறுப்பாளர்’. திட்ட ஒப்புதல் வாரியத்தின் ஊழியர்கள் ‘அண்ணாச்சி’ என்றார்கள்.

உலகம்மை ஒருமுறைகூட வாரியத்துக்குப் போய் அந்தக் குரலைக் கேட்டதில்லை. புரட்டாசி மாதத்து நண்பகல் ஒன்றில் பேச்சித்தாய் ஆவணகத்தின் மாடியேறி வராமல் இருந்திருந்தால், அதன் பின்னும் கேட்டிருக்கமாட்டார்.

“மேடம், அண்ணாச்சியச் செஞ்சது நீங்கதானா?” என்றாள் வந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

“நான் செய்யலம்மா. என் காயிதங்களக் குடுத்தேன்.”

“மாவக் குடுத்துட்டு, தோசை சுட்டது நானில்லன்னு சொன்ன மாதிரில்லா இருக்கு.”

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியைக் காட்டினார். பேச்சித்தாய் உட்காரவில்லை.

“ஆலடிக்கரைத் திட்டம் கேள்விப்பட்டிருப்பீங்க. மழைத் தண்ணியச் சுத்தம் பண்ணி, ஆழ்துளை வழியாப் பூமிக்குள்ள எறக்கி, கோடைக்கு எடுத்துக் குடிக்கதுக்கு. நாப்பத்தி மூணு ஊருக்கு. சோதனைக்கு மூணு கெணறு போட்டிருக்கோம். தண்ணி எடுத்துப் பாக்கது நான்தான்.”

“நல்ல திட்டந்தானே?”

“கேக்கதுக்கு நல்ல திட்டம். ஆனா மேல இருக்க தண்ணியில காத்து கலந்திருக்கு மேடம். அடியில இருக்க பாறை காத்தையே பாக்காத பாறை. காத்துப் பட்டதும், அதுக்குள்ள ஒறங்கிட்டுக் கெடந்த ஆர்சனிக் விஷம் கரைஞ்சு வருது. லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாது. மார்ச்சுல நாலு இருந்துச்சு. மே மாசம் பத்தொம்பது. ஆகஸ்டுல அறுவத்தொண்ணு.” ஒவ்வோர் எண்ணுக்கும் ஒருமுறை உள்ளங்கையால் மேசையைத் தட்டினாள். “இன்னும் யாரும் குடிக்கல. ஒப்புதல் ஆச்சுன்னா, இந்த மழையில எறக்கிருவாங்க. பங்குனி மாசம் கொழாயில வந்துரும்.”

“வாரியத்துல நேரா சொல்லலாமே?”

“சொல்லக்கூடாதே! மறுப்பு எதா இருந்தாலும் அண்ணாச்சிகிட்டத்தான் குடுக்கணும், அவருதான் பேசணும். அதான ரூல்? குடுத்துட்டேன். இந்தச் செவ்வாக்கெழமை முதல் அமர்வு. அதுக்கப்புறம் ஒரே ஒரு அமர்வுதான். நீங்க வந்து ஒக்காந்து கேளுங்க மேடம். வேற ஒண்ணும் கேக்கல.”

போனார். வாரியத்தின் கூட்ட அறையில், நீள் வட்ட மேசையின் தலைப்பக்கத்தில், எவரும் உட்காராத நாற்காலி ஒன்று போடப்பட்டிருந்தது. அதன் முன்னால் சிறிய ஒலிபெருக்கி. நாற்காலி எதற்கு என்று உலகம்மை கேட்டதற்கு, உறுப்பினர் செயலர் அரங்கநாயகம், “ஒரு மரியாதைக்கு மேடம். பெரியவருல்லா!” என்று சிரித்தார். உடம்பும் குரலும் அகன்ற மனிதர். பேச்சித்தாய், கேள்வி கேட்டால் மட்டும் விடை சொல்லவேண்டிய தொழில்நுட்பப் பணியாளராகச் சுவரோரம் அமர்த்தப்பட்டிருந்தாள்.

“அண்ணாச்சி, தொடங்கலாமா? பதினோரு நிமிஷம். வடை ஆறிடும்,” என்றார் அரங்கநாயகம். எழுவரும் நகைத்தனர். பழகிய நகைப்பு.

ஒலிபெருக்கி இருமியது.

உலகம்மையின் கை மேசை விளிம்பைப் பற்றியது. அந்த இருமலை அவர் அறிவார். மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து, பதிவுக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, நூறு முறை கேட்டது. “எனக்கொரு சங்கடம் இருக்கு,” என்றது குரல். ஞானாபரணம் எந்தச் சண்டையையும் அப்படித்தான் தொடங்குவார். பிறகு பாறை, காற்று, ஆர்சனிக், மூன்று எண்கள். பேச்சித்தாய் கொடுத்த காகிதம் அக்குரலில் ஏறியபோது, அது வழக்கறிஞரின் வாதம்போலவும் தந்தையின் மன்றாட்டுப்போலவும் இருந்தது. நாற்பத்து மூன்று ஊர்களின் பெயர்களையும் ஒன்றுவிடாமல் சொன்னது. ஓர் உறுப்பினர் கண்ணை மூடி ரசித்துத் தலையசைத்தார்.

விடை கூறியவர் டாக்டர் மீனலோசினி, இந்தத் திட்டத்தை வகுத்த நீரியல் வல்லுநர். “தொடக்கத்தில் இப்படி ஏறுவது உண்டு. பதினெட்டு மாதங்களில் தானாக அடங்கிவிடும். வேறு இடங்களில் அடங்கியிருக்கிறது,” என்று ஒரு பக்கத்தைப் படித்தார். இந்தப் பாறையில் அடங்கும் என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை.



“விடை போதுமானது. என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்,” என்றது ஒலிபெருக்கி.

சுவரோரத்திலிருந்து பேச்சித்தாய் உலகம்மையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை; ‘கேட்டீர்களா’ என்பது மட்டுமே இருந்தது. உலகம்மையோ வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட ஞானாபரணம் சொல்லாத ஒரு சொற்றொடரை, ஞானாபரணத்தின் குரல் சொல்லிவிட்டது.

கூட்டம் கலைந்தபின் அரங்கநாயகத்தின் அறைக்குப் போனார்.

“ஒன்பது வருஷத்துல எத்தனை திட்டம் சார் மறுப்பால நின்னிருக்கு?”

“நிக்கிறதா?” அரங்கநாயகம் உண்மையாகவே வியந்தார். “நானூத்திப் பன்னெண்டு வந்துச்சு, நானூத்திப் பன்னெண்டும் போச்சு. ஒவ்வொண்ணுலயும் அண்ணாச்சி பேசியிருக்காரு, நாங்க பதில் சொல்லியிருக்கோம். சட்டம் கேக்கதும் அதான மேடம்?”

“ஒவ்வொரு தடவையும் அவரே வாபஸ் வாங்கிக்கிடுதாரா?”

“பின்ன? உங்க பட்டியலப் படிச்சுத்தான மேடம் அவரு வளந்தாரு! யார் மறுத்தா, எதுக்காக மறுத்தா, என்ன பதில் சொன்னாங்க, எப்படி முடிஞ்சது. நாலு பத்தி போட்டிருக்கீங்க. ஆயிரத்திச் சொச்ச சண்டையும் ஏதோ ஒரு பதில்லதான முடிஞ்சிருக்கு? பதில் வந்தா முடிஞ்சுருதுன்னு அவரு படிச்சிருக்காரு. அந்தப் பதில் சரியா தப்பான்னு நீங்க எழுதலையே.”

எழுதவில்லை. எழுதக்கூடாது என்பதுதான் அவருடைய துறையின் முதல் ஒழுக்கம். சச்சரவை ஆராய்பவர் இரு தரப்பையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். யார் பக்கம் உண்மை இருந்தது என்று தீர்ப்புக் கூறலாகாது. இதற்கு நடுநிலை என்று பெயர் சூட்டி, மாநாடுகளில் கைதட்டி, மாணவர்களுக்கும் கற்பித்துவந்தார்கள். பாறை ஒரு பக்கம் சாயும். தண்ணீர் ஒரு பக்கம் ஓடும். நஞ்சு குடித்தவன் ஒரு பக்கமாகவே விழுவான். ஆய்வாளர் மட்டும் எப்பக்கமும் சாயமாட்டார்!

ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் ஞானாபரணம் ஒரே கேள்வியைக் கேட்பார்: “எல்லாத்தையும் படிச்சிட்டியேம்மா. நான் சொன்னது சரியா, தப்பா? நீ சொல்லு.” உலகம்மை ஒவ்வொரு முறையும், “அது என் வேலை இல்ல சார்,” என்பார். கடைசிப் பேட்டியில், மூக்கில் குழாயோடு, குரலின்றி உதடு மட்டும் அசைந்தது. அப்போதும் அவர் அதே விடையைத்தான் சொன்னார்.

“பட்டியல்ல அஞ்சாவது பத்தி சேக்கணும் சார்,” என்றார் உலகம்மை. “மறுத்தவர் சொன்னது கடைசியில சரியாப் போச்சா, தப்பாப் போச்சான்னு. சேத்தா, அவரு திரும்பப் படிச்சுக்கிடுவாரா?”

“தாராளமா! துல்லியம் கூடுனா எங்களுக்கும் பெருமைதான. ஆவணம் உங்களது. கையெழுத்து நீங்க போட்டாப் போதும். என்ன, இறுதி அமர்வுக்கு இருபத்தெட்டு நாள்தான் இருக்கு.”

அத்தனை நாள்களும் பேச்சித்தாய் பணி முடிந்ததும் ஆவணகத்துக்கு வந்தாள். கட்டுகளைப் பிரித்துக் கொடுத்தாள்; தேநீர் போட்டாள்; பழைய அறிஞர்களை அண்டை வீட்டாரைப்போல ஏசினாள். “இந்த ஆளு என்னத்துக்கு மேடம் இவ்வளவு துள்ளுனாரு? ஒரு தடவைகூட வயலுக்குப் போனதா எழுதக்காணுமே!” உலகம்மை படித்தார், விசாரித்தார், தொலைபேசியில் பலரையும் அழைத்தார், பிறகு ஐந்தாவது பத்தியில் ஒரு சொல் எழுதினார். அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம், யாரோ பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதாகத் தோன்றி, இருமுறை திரும்பியும் பார்த்தார். இறந்தவர்கள் ஆயிரம் பேர் விடைத்தாள் வாங்க வரிசையில் நிற்பது போலிருந்தது.

அவர் எதிர்பார்த்தது வேறு, கிடைத்தது வேறு. ஆயிரத்து நூற்று நாற்பதில், மறுத்தவர் சரியாகச் சொன்னவை நூற்று முப்பத்தொன்றே. எஞ்சியவர்கள் பிழையாகத்தான் மறுத்திருந்தார்கள். நேர்மையாக, பிடிவாதமாக, வாழ்க்கையைப் பணயம் வைத்து, பிழையாக.

ஞானாபரணத்தின் கட்டைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்திருந்தார். கல்லாத்து அணைக்கு இருபதுக்கும் மேற்பட்ட வெள்ளங்கள் வந்து போய்விட்டன. இரண்டு ஆண்டுகளுக்குமுன் வலக்கரை வழியாகச் சுரங்க வாய்க்கால் ஒன்று குடைந்தார்கள். குடைந்த பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தார். “வெடிப்பா? கத்தி நுழைய எடமில்ல மேடம். யானைக்கல்லு!” என்றார் அவர். பிறகுதான் உலகம்மை, ஞானாபரணம் ஆதாரமாகக் காட்டிய பாறைத் துண்டுகளின் பெட்டி எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். அது அந்த மலையின் பாறையே அன்று. பக்கத்துக் குன்றின் பெட்டி மாறி வந்திருந்தது. முழங்கால் வலியினால் அவர் மலையேறவில்லை. அனுப்பிய பெட்டியை நம்பி எழுதினார். எழுதியதை இருபத்திரண்டு ஆண்டுகள் விடவில்லை.

ஐந்தாவது பத்தியில் ‘தவறு’ என்று எழுதிவிட்டு, உலகம்மை பேனாவை மூடினார்.

எந்திரம் புதிய பத்தியைப் படித்து முடித்த அன்று, பிற்பகல் மூன்று மணிக்கு, ஆவணகத்திலிருந்த இணைப்பைத் திறந்து, ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அதனோடு பேசினார். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. பேச்சித்தாய் கட்டுகளுக்கு நடுவே தரையில் அமர்ந்திருந்தாள்.

“உங்க பாறையப் பத்தி எழுதிட்டேன் சார்,” என்றார் உலகம்மை. எந்திரத்தைச் ‘சார்’ என்றழைத்தது அவருக்கே கூசியது.

இருமல். “படிச்சேம்மா.”

“அப்பவே தேடியிருந்தா, உயிரோட இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். சொன்னா அவரு... நீங்க... ஒடஞ்சு போயிருப்பீங்கன்னு இப்ப நெனைச்சுப் பாக்கேன்.”

“ஒடஞ்சிருக்கமாட்டாரு,” என்றது குரல்.

பேச்சித்தாய் நிமிர்ந்தாள். இத்தனை ஆண்டுகளும் ‘நான்’ என்றே பேசிவந்த குரல் அது.

“பதிவு நாப்பத்தேழ கேட்டுப் பாருங்க. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை வலுத்தா, அவரு காலையில எழுந்து மொதல்ல அணைக்குக் கீழ இருக்க ஊருக்குப் போன் போடுவாரு. எல்லாரும் இருக்கீங்களான்னு கேக்கதுக்கு. நீங்க தப்புன்னு சொல்லியிருந்தா, அந்த மனுசன் ஒரு மழைக்காலமாவது நிம்மதியாத் தூங்கியிருப்பாரு.”

உலகம்மை எதிரிலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சித்தாய்தான் எழுந்து வந்து குனிந்து கேட்டாள்: “அண்ணாச்சி, அது போகட்டும். செவ்வாக்கெழமை வாபஸ் வாங்கமாட்டீருல்லா?”

“மாட்டேன்,” என்றது குரல்.

இறுதி அமர்வில், ஒப்பந்தக்காரரின் ஆட்கள்கூட வெளியே பூமாலையோடு காத்திருந்தார்கள். வடகிழக்குப் பருவமழை இன்னும் பத்து நாள்களில் தொடங்கிவிடும். உலகம்மை ஆவணப் பொறுப்பாளர் என்ற முறையில் மேசையில் அமர்ந்தார். பேச்சித்தாய் அதே சுவரோரம். மடியில் சிவப்புக் கோப்பு; புதிய அளவையும் அதில் இருந்தது. செப்டம்பரில் எண்பத்தெட்டு.

“அண்ணாச்சி, தொடங்கலாமா?”

இருமல் வரவில்லை.

“ஆலடிக்கரைத் திட்டத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை,” என்றது குரல்.

அரங்கநாயகம் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். “இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணாச்சி.”

“புதிய பத்தியைப் படித்தேன். மறுத்துச் சரியாகச் சொன்ன நூற்று முப்பத்தொரு பேரையும், தவறிய மற்றவர்களையும் ஒப்பிட்டேன். சரியாகச் சொன்னவர்களுள் ஏறத்தாழ எல்லாரும், பொருளைக் கையால் தொட்டவர்கள், கண்ணால் கண்டவர்கள். தவறியவர்களுள் பெரும்பாலோர் படித்தவர்கள், கேட்டவர்கள். நான் ஒரு கிணற்றையும் கண்டதில்லை. படித்தது மட்டுமே உண்டு. ஆகவே மறுக்கும் தகுதி எனக்கு இல்லை. கண்ட ஒருவர் இந்த அறையில் இருக்கிறார். அவரைக் கேளுங்கள்.”

அதன்பின் ஒலிபெருக்கி பேசவில்லை. வாபஸ் வாங்கமாட்டேன் என்று சொன்னதை அது காப்பாற்றிவிட்டது.  எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுப்பதாக எண்ணி, உலகம்மை விலகி நிற்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

“இதென்ன கூத்து!” டாக்டர் மீனலோசினி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அவரே இல்லைன்னுட்டார். கையெழுத்துப் போட்டுடலாமே சார்?”

“போட முடியாது டாக்டர்!” அரங்கநாயகம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அகன்ற குரல் சுருங்கிவிட்டது. “விதி பதினேழு. இறுதி அமர்வுல மறுப்புரை கேட்கப்படாத தீர்மானம் செல்லாது. முதல் அமர்வுல கேட்டது கணக்குல சேராது. பன்னெண்டு மணிக்குள்ள ஒரு மறுப்பும் எழலைன்னா, அச்சத்தால் எழவில்லைன்னு கொள்ளணுமாம். அமர்வு கலைஞ்சுரும். ஒரு வருஷம் கழிச்சுத்தான் திரும்பக் கொண்டாரணும்.” நெற்றியைத் துடைத்தார். “அண்ணாச்சி விலகிட்டா, யாராவது ஒருத்தர் மறுத்தாப் போதும். டாக்டர், நீங்களே ஒண்ணு சொல்லிடுங்களேன்.”

“நானா? என் திட்டத்தை நானே மறுக்கவா?”

“சரி, தங்கப்பழம் சார்?”

மூத்த உறுப்பினர் தங்கப்பழம் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். “எனக்கு ரிட்டையர்மெண்டுக்கு எட்டு மாசம் இருக்கு. ஆள விடுங்க.”

அந்த எழுவரும் ஒருவரை ஒருவர் பார்த்த காட்சியை எழுதவே கூசுகிறது. நாட்டின் உயர்ந்த பட்டங்கள் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தன. விளையாட்டுக்காகக்கூட, தம் பெயருக்கு எதிரே ஒரு மறுப்பை எழுதிக்கொள்ள எவருக்கும் துணிவில்லை.

“மேடம், நீங்க?”

“நான் ஆய்வாளர். மறுக்கது என் வேலை இல்ல,” என்றார் உலகம்மை.

அரங்கநாயகம் சுவர்ப் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒளி வந்தது. “பேச்சித்தாய்! வாங்கம்மா, வாங்க. அண்ணாச்சியே ஒங்களத்தான காட்டியிருக்காரு. இப்படி வந்து ஒக்காருங்க.” எவரும் உட்காராத அந்த நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டார். “பயப்படாதீங்க. ஒங்க மேல ஒரு நடவடிக்கையும் வராது, நான் எழுதியே தாரேன். மனசுல இருக்கத அப்படியே சொல்லுங்க.”

பேச்சித்தாய் எழுந்து வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்தாள். முதல் தாளின்மேல் விரலை வைத்தாள். ஐந்து மாதங்களாக எந்த அறையில் பேசவேண்டும் என்று ஏங்கினாளோ, அந்த அறை இப்போது அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுவரும் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்கள். உலகம்மை மேசைக்கடியில் தம் கைகளை ஒன்றோடொன்று இறுக்கினார். ஒரு கண்ணசைவு போதும். ஆனால் அரங்கநாயகத்தின் பார்வை அவர்மீதும் இருந்தது. பேசாதே அம்மா, பேசாதே என்று அவர் மனம் மன்றாடியது. வாழ்நாளெல்லாம், பேசியவர்களை மட்டுமே போற்றி எழுதிய மனம் அது.

“சார்,” என்றாள் பேச்சித்தாய்.

“சொல்லுங்கம்மா, சொல்லுங்க.”

“நான் பேசுனா, டாக்டரம்மா பதில் சொல்லுவாங்கல்லா?”

“கட்டாயமா சொல்லுவாங்க.”

“போன தடவை சொன்ன அதே பதிலா?”

மீனலோசினி காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

“பதில் சொன்னதும் இன்னைக்கே கையெழுத்து ஆயிருமா சார்?”

“ஆயிரும்மா! பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சிரலாம். எல்லாம் ஒங்க புண்ணியம்.”

பேச்சித்தாய் தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். கோப்பை மூடினாள். அதன் நாடாவை இரண்டு முடிச்சிட்டுக் கட்டினாள்.

“எனக்குச் சொல்லதுக்கு ஒண்ணும் இல்ல சார்.”

“என்னம்மா இது! அறுவத்தொண்ணுன்னு அன்னைக்கு எழுதிக் குடுத்தீங்களே!”

“எழுதுனேன். வாபஸ் வாங்கிக்கிட்டாருல்லா.”

“ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். ஆட்சேபணை இருக்குன்னு மட்டும் சொல்லுங்க!” அரங்கநாயகம் ஏறக்குறையக் கெஞ்சினார். “நல்லா யோசிங்கம்மா. ஒங்க வேலைக்கு...” வாக்கியத்தை முடிக்கவில்லை.

“யோசிச்சாச்சு சார்.”

பதினொன்று நாற்பது. எவரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் சுழன்றது. வெளியே பூமாலைக்காரர்களின் பேச்சொலி கேட்டது. பதினொன்று ஐம்பது. தங்கப்பழம் ஒருமுறை வாயைத் திறந்து மூடிக்கொண்டார். பேச்சித்தாயின் கழுத்து நரம்பு ஏறி ஏறி இறங்குவதை உலகம்மை பார்த்தார். விழுங்கிய சொற்கள் அங்கே முட்டுவதுபோல இருந்தது. அந்த இருபது நிமிடங்களைப்போல உரத்த கூச்சலை, தம் முப்பது ஆண்டு ஆராய்ச்சியில் அவர் கேட்டதில்லை.

பன்னிரண்டு அடித்தது. ஆலடிக்கரைக்கு ஓராண்டு கிடைத்தது. ஓராண்டில் அந்த எண் எவராலும் மறைக்கவொண்ணாதபடி வளர்ந்துவிடும்.

நடைக்கூடத்தின் கடைசித் தூணருகே வந்ததும் பேச்சித்தாய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். “அஞ்சு மாசமா மேடம்... சமைக்கும்போது, பஸ்ஸுல போகும்போது, எல்லாம் மனசுக்குள்ளயே பேசிப் பேசிப் பாத்து வச்சிருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு.” உலகம்மை அவள் தோளை அணைத்துக்கொண்டார். 

மறு வாரம் பேச்சித்தாய்க்கு மாற்றல் உத்தரவு வந்தது. அதே தபாலில், அமர்வின் நடவடிக்கைக் குறிப்பு ஆவணகத்துக்கும் வந்தது. ஒரே பக்கம். வந்திருந்தோர் பெயர்கள், அதன் கீழே ஒரு வரி: ‘திட்டம் குறித்து எவரிடமிருந்தும் மறுப்பு எழவில்லை. அமர்வு கலைந்தது.’

உலகம்மை அதை மும்முறை படித்தார். நூறு ஆண்டுக்குப் பின்னர் இந்தத் தாளை எடுக்கும் ஆய்வாளர் என்ன எண்ணுவார்? ஆலடிக்கரைத் திட்டத்தை எல்லாரும் ஒருமனதாக ஏற்றார்கள், ஏதோ நேரக்குறைவினால் ஒத்திப்போட்டார்கள் என்று எண்ணுவார். இதில் ஆராய ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடுவார்.

உலகம்மையும் அப்படித்தான் ஒதுக்கியிருந்தார்.

ஆவணகத்தின் பின்கட்டில் ஓர் அறை உண்டு. முப்பது ஆண்டுகளாக அலுவலகங்களும் ஆய்வுக்கூடங்களும் அனுப்பிய குறிப்பேடுகளுள், ‘மறுப்பு எதுவும் இல்லை’ என்று முடிந்தவற்றையெல்லாம், பயனற்றவை என்று கட்டி அங்கே போட்டுவைக்கச் சொல்லியிருந்தார். எத்தனை இருக்கும் என்று எண்ணியதில்லை. பத்தாயிரமா, பதினையாயிரமா?

சாவியைத் தேடி எடுத்து, அந்த அறையைத் திறந்தார். தரையிலிருந்து கூரைவரை கட்டுகள் இருந்தன. உள்ளே நிறைந்திருந்த அமைதி, அவர் வருகைக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களின் அமைதிபோல இருந்தது. உலகம்மை கதவருகிலிருந்த முதல் கட்டை இறக்கி, தூசியைத் துடைத்து, தரையில் அமர்ந்து, அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.